வியாழக்கிழமைத் தளபதி

வெண்டைக்காய்க் குழம்புக் கிண்ணத்தை எதிரில் இருப்பவர் பக்கம் நகர்த்திவிட்டு, தோழர் திச்சாதோங்கா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் இருப்பவர் டவுன்காரர். கோட்டுப் போட்டிருக்கிறார், மடியில் ஒரு விண்ணப்பப் படிவம். சோளக்களியை உருட்டி, நூல் விடுகிற அந்தக் குழம்பில் தோய்த்து, "அடடா, டீச்சரம்மா கைப்பக்குவமே தனி!" என்று சப்புக்கொட்டுகிறார். மூன்று கவளம் உள்ளே போகும்வரை தோழர் பொறுத்திருப்பார். பிறகு எழுந்து, தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பஸ் மூணு மணிக்கு. நேரமிருக்கு, நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. எங்கே தப்புச் செய்தோம் என்பது கோட்டுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

சண்டைக் காலத்தில் எல்லை தாண்டி எங்கள் ரூயா ஆற்றுப் பக்கம் வந்த போராளிகளுக்குச் சாமியாடி மூன்று விலக்கு வைத்திருந்தார். பெண்ணைத் தொடக் கூடாது, காட்டு விலங்கைக் கொல்லக் கூடாது, வெண்டைக்காயை வாயில் வைக்கக் கூடாது. முதல் இரண்டையும் மீறியவர்கள் உண்டு. மூன்றாவதை மீறிய ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. சுதந்திரம் வந்து பதினேழு வருஷமாகிறது. நிஜமாகவே காட்டில் கிடந்தவர்களுக்கு அந்தக் குழம்பைக் கண்டால் இன்றைக்கும் கை தானாகப் பின்னுக்குப் போகும். முன்னாள் போராளி அட்டை தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்ததும், ரொட்டி வண்டி ஓட்டியவன், பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவன் எல்லாரும் ஒரே வாரத்தில் போராளியாகிவிட்டார்கள். அட்டைக்கு ஒரு தளபதி, 'இவன் என் பிரிவில் இருந்தான்' என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிற தளபதி இவர் ஒருத்தர்தான். அவர் பிரிவிலிருந்து ஒருத்தரும் திரும்பவில்லை என்பது ஊருக்குத் தெரியும். அட்டை கொடுக்கிற கமிட்டிக்குத் தெரியாது.

வெண்டைக்காய் சமைப்பவள் நான். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் கத்தித் தொண்டை கட்டிய பிறகு, பஸ் நிற்கிற இடத்தில் நாலு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன்.

திச்சாதோங்கா என்றால் 'நாமே ஆளுவோம்' என்று அர்த்தம். காட்டில் அவரே வைத்துக்கொண்ட பெயர். இப்போது அவர் ஆளுவது மாடுகளை. வியாழக்கிழமைதோறும் சுற்றுவட்டார மாடுகளை உண்ணி மருந்துத் தொட்டியில் இறக்கி ஏற்றுகிற வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சண்டை நடந்தபோது, 'மாட்டை முக்கினால் வெள்ளைக்காரனுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், தொட்டியைத் தூர்த்துவிடுங்கள்' என்று ஊரைக் கூட்டி ஆணையிட்டவரே இவர்தான். சுதந்திரம் வந்ததும், கல்லை எடுக்கிற வேலையும் இவர் தலையில் விழுந்தது. கிழவர் முசைக்வா இன்றைக்கும் விடமாட்டார். "அன்னிக்கு கல்லைப் போடுன்னே, போட்டோம். அப்புறம் கல்லை எடுன்னே, எடுத்தோம். உன் சுதந்திரத்துல எங்க இடுப்புதான்யா போச்சு" என்பார். தோழர் சிரிப்பதும் இல்லை, கோபப்படுவதும் இல்லை. அடுத்த மாட்டைத் தட்டி இறக்குவார்.

ஆள் நெட்டை, ஒல்லி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மருந்து வாடை. சுவருக்கு முதுகு கொடுத்து, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். அந்த நாற்காலியில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார். சண்டை முடிந்து ஒரு கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது என்னிடம்தான் சொன்னாள். "அடிக்கல, திட்டல, டீச்சர். வீடு இருக்க, தினம் வெளியில போய் மரத்தடியில படுக்கிற மனுஷனோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?" ஏப்ரல் மாதம் சுதந்திர தினத்துக்கு ஜீப் அனுப்பி அழைத்துப்போவார்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, பெயரைத் தப்பாக வாசித்து, ஒரு பாட்டில் கோக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். மீதி நாள் முழுக்க அவரிடம் பேசுபவர்கள் மாட்டுக்காரர்கள்தான். அதுவும் உண்ணியைப் பற்றி.

அப்படி இருக்கையில்தான், இந்த வருஷம் ஜூலை மாதம், வில்பர்ட் வந்து சேர்ந்தான்.

நாற்பத்திரண்டு வயசு, கொஞ்சம் தொப்பை, பிந்துரா டவுன்காரன். அவனுக்கும் வெண்டைக்காய் வைத்தோம். மூன்று கவளம் என்ன, கிண்ணத்தையே வழித்துவிட்டு, "இன்னும் இருக்கா டீச்சரம்மா?" என்றான். தோழர் வழக்கம்போல எழுந்தார். மற்றவர்களாக இருந்தால் வாதாடுவார்கள், இல்லையென்றால் பையிலிருந்து சர்க்கரையும் எண்ணெயும் எடுத்து மேசையில் வைப்பார்கள். இவன் அவருடைய தட்டை எட்டிப் பார்த்தான். "அண்ணே, நீங்க ஏன் தொடவே இல்ல? இவ்வளவு நல்லாருக்கே!"

தோழர் நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை. உட்கார்ந்தார். சாமியாடியைப் பற்றிச் சொன்னார், விலக்கைப் பற்றிச் சொன்னார். பசியில் ஒரு நாள் தோழர் பாங்கா வெண்டைச் செடியின் முன்னால் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். வில்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "அட, அப்போ நான் முதல் கவளத்துலயே மாட்டிக்கிட்டேனா! சரிண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். சண்டை நடந்தப்போ நான் ரொட்டிக் கடையில ரொட்டி அறுத்துக்கிட்டிருந்தேன். அட்டை இருந்தா மூணு பிள்ளைங்க படிப்பு இலவசம். அதான் வந்தேன்."

"போராளின்னு சொல்லிக்கணும்னா நிறையத் தெரிஞ்சிருக்கணுமே" என்றார் தோழர்.

"கத்துக்கறேன்ணே. நீங்க சொல்லிக்கொடுங்க."

"அடுத்த வியாழக்கிழமை வா."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

அடுத்த வியாழனும் வந்தான், அதற்கடுத்ததும். மாடுகள் போனதும் தோழர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வருவார். என் மேசையில் உப்புப் புட்டி வெள்ளைக்காரன் முகாமாகும், தட்டு மலையாகும், ஒன்பது இலந்தைக்கொட்டை அவருடைய பிரிவு. கண்ணிவெடியைத் தலையில் சுமந்து எல்லையிலிருந்து பதினோரு நாள் நடந்தது எப்படி. வரிசையில் தளபதி ஏன் இரண்டாவதாக நடக்க வேண்டும். மவுண்ட் டார்வின் சாலையில் இருபத்தாறு தந்திக் கம்பங்களை ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் சாய்த்தது எப்படி. "முதல்ல ஆளுங்க சாப்பிடணும், கடைசியா தளபதி. மிச்சம் இல்லேன்னா இல்லதான். இதை மறந்தா நாளைக்கு உன் பின்னால ஒருத்தனும் வரமாட்டான்" என்பார். பதினேழு வருஷமாக எண்ணிப் பேசிய மனுஷனா இவர் என்று இருக்கும். தவளையைக் கண்டால் மரத்தில் ஏறுகிற தோழர் சாண்டோவைப் போல நடித்துக் காட்டுவார். ஒரே சோப்பை ஆறு மாதம் உறை பிரிக்காமல் வைத்துக்கொண்டு முகர்ந்து மட்டும் பார்த்த தோழர் மோட்டோவைப் போலக் குரலை மாற்றிப் பேசுவார். என் கடைக்குள் ஆள் கூடிவிட்டதுபோல இருக்கும். எல்லாரிலும் சின்னவன் சூரோ. முயல் என்று அர்த்தம், அப்படி ஓடுவானாம்.

வில்பர்ட்டும் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாவது வாரம் நான் கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க டீச்சரம்மா, எங்க சாமியாடி கோவிச்சுக்குவாங்க" என்றான். தோழர் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் படிவத்தை நீட்டினால் மட்டும் கையெழுத்து விழாது. "இன்னும் பாலம் தகர்த்தது சொல்லல. அது தெரியாம போனா மாட்டிக்குவே." பாலம் முடிந்தால் காய்ச்சல் வந்த கதை. காய்ச்சல் முடிந்தால் தேனீ துரத்திய கதை. "அப்புறம் ஆறு ஒண்ணு பாக்கி. அது அடுத்த வாரம்." அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கையெழுத்துப் போட்ட மறுவாரம் வில்பர்ட் எதற்காக இங்கே வரப்போகிறான்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய்க் கையெழுத்துப் போட்டால் செத்தவர்களுக்குத் துரோகம். போடமாட்டேன் என்று சொன்னால் மேசை காலியாகிவிடும். அட்டைக்கான பட்டியல் மூடுகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உங்களுக்கு வெட்கமா இல்லையா தோழர்? பொய்யன்னு தெரிஞ்சே பாடம் நடத்தறீங்களே!"

தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவன் கேக்கறான், டீச்சர். வேற யாரு கேட்டா?"

வருஷாவருஷம் விடுதலைப் போர்ப் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஒப்பித்தேன். பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தூரத்தில், இந்த மனுஷன் மாடு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நாளாவது கூப்பிட்டு, 'பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க' என்று கேட்டேனா? இல்லை. வெட்கம் எனக்குத்தான் வந்தது.

ஏழாவது வியாழன். மறுநாள் வெள்ளிக்கிழமையோடு பட்டியல் மூடுகிறது. வில்பர்ட் படிவத்தை மேசையில் விரித்து வைத்தான். பெயர், வயசு எல்லாம் எழுதியாயிற்று. போர்ப் பெயர் என்ற கட்டமும் தளபதியின் கையெழுத்தும்தான் காலி.

"அண்ணே, எல்லாம் தலைகீழாச் சொல்லிடுவேன். ஒண்ணே ஒண்ணுதான். உன் பிரிவு என்னாச்சு, நீ எப்படிடா பிழைச்சேன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்ல?"

தோழர் இலந்தைக்கொட்டைகளை ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்தார். பிறகு டம்ளரில் விரலை நனைத்து மேசையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். அதுதான் ஆறு.

"ஜனவரி மாசம். ரூயா ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. பட்டப்பகல். இந்தப் பக்கம் சோளக்கொல்லை, ஆள் உயரம். அதுக்குள்ள எல்லாரையும் உக்கார வச்சேன். கடக்க இடம் பாக்கணும். தளபதி போகக் கூடாது, ஆளை அனுப்பணும், அதான் முறை. ஆனா நான் பிறந்து வளர்ந்த ஆறு. எனக்குத்தான் தெரியும்னு கிளம்பினேன். 'நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது'ன்னு சொன்னேன். சூரோ எழுந்துட்டான். பத்தொன்பது வயசு. நானும் வரட்டுமான்னு கண்ணாலயே கேட்டான். நான் இப்படிக் காட்டினேன்." உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை அழுத்தினார். "உக்காந்துட்டான்."

ஒரு கொட்டையை மட்டும் ஆற்றங்கரைக்கு நகர்த்தினார்.

"ஹெலிகாப்டர் மூணு வந்துது. நான் நாணலுக்குள்ள, கழுத்தளவு தண்ணியில நின்னேன். ஓடுவாங்கன்னு நினைச்சேன். ஓடுங்கடா, ஓடுங்கடான்னு மனசுக்குள்ள கத்தறேன். ஓடியிருந்தா பாதிப் பேராவது பிழைச்சிருப்பாங்க. புதைச்ச ஊர்க்காரங்க அப்புறம் சொன்னாங்க, எட்டுப் பேரும் உக்காந்த இடத்துலயே இருந்தாங்களாம். நான் அசையாதேன்னு சொல்லிட்டேன் இல்ல." மீதிக் கொட்டைகளில் ஒன்றைத் தொட்டார். "சூரோவுக்கு அவங்கம்மா வச்ச பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது. சொந்தப் பேரைக் கேக்கக் கூடாதுங்கறது எங்க சட்டம்."

என் கண் மறைத்தது, நான் துடைக்கவில்லை. வில்பர்ட் மெல்லப் படிவத்தின் மேல் கை வைத்து இழுத்தான்.

"வேண்டாம்ணே. எனக்கு இது வேண்டாம். நான் கிளம்பறேன்."

தோழர் அவன் கையைத் தட்டிவிட்டு, படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "டீச்சர், பேனா" என்றார். கொடுத்தேன். தடுத்திருக்க வேண்டும், எனக்குத் தெரியும். கொடுத்தேன். போர்ப் பெயர் என்ற கட்டத்தில் சூரோ என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"கேப்பாங்க" என்றார், வில்பர்ட்டின் முகத்தை நேராகப் பார்த்து. "எப்படிப் பிழைச்சேன்னு கேப்பாங்க. நீ சொல்லு. 'நான் எழுந்து நின்னேன். தளபதி என்னைத் திரும்பிப் பார்த்தாரு. வான்னு இப்படிக் கூப்பிட்டாரு.'"

வலது கையை மேசைக்கு மேல் நீட்டி, நான்கு விரல்களையும் தன் பக்கமாக மடக்கினார். ஒரு தடவை காட்டினால் போதும், வில்பர்ட் புரிந்துகொள்ளாத ஆள் இல்லை. அவர் நிறுத்தவில்லை. இன்னொரு தடவை மடக்கினார். மறுபடியும் மடக்கினார். வில்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, அவர் பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் அந்தக் கை கீழே இறங்கவில்லை.