நாலாவது போல்ட்

கொல்கத்தாவில், சால்ட் லேக் வீட்டு வாசலில் பழைய அமெரிக்கக் காரை ஜாக்கிகளில் ஏற்றி, அடியில் என் மகன் முரளி படுத்திருக்கிறான். ஜாக்கிகளை இரண்டு தடவை எண்ணிவிட்டேன். இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமை நாலு போல்ட்டில் மாட்டுகிறான். "மூணு" என்றவனிடமிருந்து பிறகு சத்தமே இல்லை.

கிரீஸ் வாசனையில், சின்ன வயதில் பார்த்த அப்பாவின் டாலிகஞ்ச் மெக்கானிக் கொட்டகை நினைவில் திரும்பி வந்தது. அங்கே இதே மாதிரிக் காரின் அடியில் அப்பா. நான் பயப்படாமலிருக்க, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் சொல்வார். ஒருநாள் மூன்றோடு குரல் நின்றது. ஜாக்கி முனகியது. அழுதபடி அவர் காலைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்து வாயிலிருந்து நாலாவது போல்ட்டை எடுத்தார். "இதைக் கடிச்சுக்கிட்டு எப்படிடா எண்ணுறது?"

முரளியின் காலைத் தட்டினேன். "வாயில போல்ட்டாடா?"

"ம்."

"துப்பிட்டுப் பேசு."

தரையில் இரும்பு உருண்டது.

"இருக்கேம்ப்பா. போல்ட்டுதான் எங்கயோ ஓடிடுச்சு."