விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

ஈரச் சுண்ணாம்பும் உருகிய மெழுகும் கலந்த வாசனை... அது எங்கே வந்தாலும் எனக்கு மங்கலம்பேட்டைப் பக்கத்து அந்தப் பழைய மாதா கோயில்தான் ஞாபகம் வரும்.

சிதம்பரத்தில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, கடலூரில் ஒரு இன்ஜினியரிடம் வேலைக்குச் சேர்ந்த புதிது. அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பில் வளர்ந்த நான் சர்ச்சுக்குள் காலெடுத்து வைத்ததே அதுதான் முதல் முறை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் இரண்டு நிமிஷம் முழித்துக்கொண்டு நின்றேன்.

திருவிழாவுக்கு ஊரூராக நடந்து வரும் கூட்டத்துக்கு அந்தக் கோயில் போதவில்லை. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாமா என்று பங்குச் சாமியார் கேட்டிருந்தார். பழைய கட்டடம் தாங்குமா தாங்காதா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

அளந்தேன். உள்ளே ஒரு அளவு, வெளியே ஒரு அளவு. இவ்வளவு வித்தியாசம் வருமா என்று மூன்று தடவை அளந்தேன். அப்புறம்தான் உறைத்தது, சுவரே அத்தனை கனம்! ஜன்னல் மாடத்தில் காலை நீட்டி உட்காரலாம். உள்ளே ஒரு தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்தே வளைத்த கூரை. கடல் தாண்டி வந்து தமிழ் படித்த ஒரு சாமியார் கட்டியதாம். மாதாவுக்கும் நம் ஊர்ப் பெண் மாதிரி சேலைதான். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது.

ஆனால் பீடத்துக்கு இடதுபுறச் சுவரில் ஒரு விரிசல்...

விரிசல் பழசா, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் வைத்துவிடுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஐப்பசி மழைக்கு முன்னால், நெஞ்சு உயரத்தில் ஒட்டினேன். ஓரத்தில் மார்க்கரில் தேதி எழுதினேன். அது எதற்கு என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த மடத்தனம்.

தை மாதத் திருவிழா முடிந்து போய்ப் பார்த்தால், கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

"ஓடுற விரிசல்மா. இடிக்கணும்னே எழுதிடு" என்றார் இன்ஜினியர் சார்.

எழுத மனசில்லை. ஆனாலும் எழுதினேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே ஊர்க்கூட்டம். சார் புதுக் கோயிலுக்கு ப்ளானே வரைந்து கொண்டுவந்திருந்தார். ரிப்போர்ட்டை நான் வாசித்தேன். கண்ணாடி உடைந்த இடம் வந்ததும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"அத ஒடச்சது நான்தாங்க சாமி... சுவரு இல்ல!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது.

"புனிதரோட எலும்ப கண்ணாடிக்குள்ள வெச்சி கும்புடுவோம் இல்ல, இதுவும் அப்டித்தான்னு நெனச்சிட்டேன். எம் பொண்ணு பிரசவத்துக்கு வேண்டிக்கிட்டு, திருவிழா ஒம்பது நாளும் அதுக்குக் கீழயே மெழுகுவத்தி ஏத்துனேன். கடைசி நாளு சூடு ஜாஸ்தியாயி டப்புன்னு வெடிச்சிடுச்சி. பாவம் பண்ணிட்டேன்னு பயந்து வெளிய சொல்லல. அதுக்காக கோயில இடிச்சிடாதீங்க..."

நான் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கையகலத்துக்குக் கரி படிந்திருந்தது. உடைந்த கண்ணாடியைப் பார்த்தவள், அந்தக் கரியைப் பார்க்கவே இல்லை.

"கம்முனு உக்காரு. எழுதனது எழுதனதுதான்" என்று சார் என் காதருகே சொன்னார். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சாமி, ரிப்போர்ட் தப்பு. நான் சரியா பாக்கல. இன்னொரு மழ பாத்துட்டுதான் சொல்ல முடியும்" என்றேன்.

கடலூர் வரைக்கும் பஸ்ஸில் சார் தள்ளிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் வேலையை விட்டும் அனுப்பவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் உண்டு.

இரண்டாவது கண்ணாடியிலும் தேதி எழுதி, கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டினேன். அந்த அக்காதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பேத்தி பொறந்திருக்கா, பாப்பா" என்று கீழேயிருந்து சொன்னார். அடுத்த மழை கொட்டித் தீர்த்தது. கண்ணாடி அசையவில்லை. புதுக் கோயிலைப் பக்கத்து நிலத்தில் கட்டினார்கள், பழையது பிழைத்துக்கொண்டது.

பல வருஷம் கழித்து, போன மாதம் அங்கே போயிருந்தேன்.

இப்போதெல்லாம் என் பையில் லேசர் மீட்டர். விரிசலுக்கு சென்சார் ஒட்டிவிட்டு வீட்டிலிருந்தே போனில் பார்க்கிறோம். அதை யாரும் கும்பிட மாட்டார்கள்.

என் கண்ணாடி அங்கேயே இருக்கிறது! சுற்றிலும் சின்னதாக ஒரு பித்தளைச் சட்டம். ரொம்பக் கீழே, சூடு படாத தூரத்தில், மெழுகுவர்த்தி ஸ்டாண்ட். அண்ணாந்து பார்த்தபடி நின்ற என்னிடம் பக்கத்திலிருந்த ஒரு பெண் சொன்னாள்:

"கோயில கட்டுன சாமியாரே வெச்சது அது, அக்கா. எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒடையாது. நல்லா வேண்டிக்கங்க."

கண்ணாடி ஓரத்தில் தேதி முக்கால்வாசி அழிந்திருந்தது. என் கையெழுத்துதான்.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்ன வாய், இந்த முறை திறக்கவே இல்லை. நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்...

கண்ணாடி உடையக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.