ஐஸ் தண்ணீரில் சரியாக இருந்த மீற்றர்

ஒரு மனிதரின் வேலையை நான் பறித்தேன். பிழை என் கருவியில் இருந்தது; பழியை அவர்மேல் போட்டேன். வயதைச் சொல்லி என்னை மன்னிக்க வருபவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.

துறைமுகத்தில் மின்பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றபின், படகுத்துறைக்குப் பக்கத்து மீன் குளிரறை ஒன்றுக்கு வெப்பநிலை காட்டும் மீற்றர் செய்து கொடுத்தேன். மூன்று கால் உணரி. வெப்பம் ஏற ஏற அது தரும் வோல்ற்றளவும் ஏறும். மைக்ரோகொன்ட்ரோலர் அதைத் தனக்கு வரும் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணைச் செல்சியஸ் பாகையாக மாற்றுவது நான் எழுதிய கணக்கு. கணக்கை மூன்று தசம் மூன்று வோல்ற்றுப் பலகைக்கு எழுதியிருந்தேன். பிறகு ஐந்து வோல்ற்றுப் பலகையைப் பூட்டினேன். கணக்கை மாற்றவில்லை.

எங்கள் துறையில் எதையும் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தித்தான் சோதிப்போம். அமிழ்த்தினேன். பூச்சியம் காட்டியது. பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம்தான் என்பதை அப்போது நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் உள்ளேயிருந்த சூரை மீன் முழுவதும் பழுதாகியது. மீற்றர் ஆறு பாகைக்கு மேலே போகவில்லை; ஏழில் அடிக்கவேண்டிய மணியும் அடிக்கவில்லை. குளிரறையைப் பார்த்துக்கொண்டவர் கிண்ணியா ஊரிலிருந்து வந்த ஒருவர்; எல்லோருக்கும் அவர் கிண்ணியாக்காரர்.

"சேர், தோணி வந்த கையோட ஏத்தின நான். ஒரு பெட்டிகூட வெயில்ல கிடக்கல்ல."

"மீற்றர் பொய் சொல்லாது தம்பி," என்றேன் குளிரறை முதலாளிக்கு முன்னால்.

அன்றே அவரை நிறுத்தினார்கள். மீனை வெயிலில் போட்டவன் என்ற பெயரோடு போனவருக்கு வேறு எந்தக் குளிரறையும் வேலை கொடுக்கவில்லை.

சில மாதங்களின் பின், திரையை மாற்றுவதற்கு மீற்றரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மத்தியானம், வியர்வை வழிகிறது. திரையில் இருபது பாகை.

மனைவி எட்டிப் பார்த்தா. "என்னப்பா, நுவரெலியாக் குளிருக்கு வந்திட்டமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் மீற்றர் காட்டியிருக்கிறது; அன்று ஆறு காட்டியபோது குளிரறை உண்மையில் ஒன்பதைத் தாண்டியிருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "விடுங்கோ சேர், ஆறின கதை. இது வெளியில வந்தா எனக்கு ஆர் மீன் தருவினம்?"

"அந்த மனுசனுக்கு ஆர் வேலை தருவினம்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மீன் ஏலத்தில் மீற்றரோடு நின்று, பிழை என் கணக்கில், கிண்ணியாக்காரரில் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முதலாளியின் ஆட்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டு இன்னொரு முறை சொன்னேன்.

"படிச்ச மூளை ஐஸில உறைஞ்சு போச்சுதோ ஐயா?" என்றார் ஒரு வியாபாரி.

"ஓம், உறைஞ்சுதான் போச்சுது. அதைத்தான் சொல்ல வந்தனான்."

முதலாளி, கிழவனுக்கு மறதி வியாதி என்று கதை பரப்பினார். யாராவது விசாரித்தால் கணக்கையே எழுதிக் காட்டுகிறேன். வேறொரு குளிரறைக்காரர் கிண்ணியாக்காரரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்தக் குளிரறைக்கு அவரைத் தேடிப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க, சரி. அண்டைக்கு மீற்றர நம்பின நீங்க, என்ன ஏன் நம்பல்ல?"

அவர் பெட்டிகளை ஏற்றப் போய்விட்டார்.