முதலில் வரும் தண்ணீர்

எங்கள் வீட்டு ஷவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். மனிதர்களைத் திட்டினால் திருப்பிப் பேசுவார்கள். ஷவர் பேசாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினேன். திறந்தால் பச்சைத் தண்ணீராகக் கொட்டும். கொட்டிக்கொண்டே இருக்கும். நான் தோளில் துண்டோடு, வாளியை அதன் கீழே தள்ளிவிட்டு, விரலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எனக்காக மட்டும் என்றால் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் நிமோனியாவில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்பாக ரெட்டியார்பாளையம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். "கொஞ்சம் தெம்பு வந்ததும் வெந்நீர்ல குளிக்கலாம். பச்சத் தண்ணி மட்டும் மேல படக் கூடாது. மறுபடி நெஞ்சுல சளி கட்டுனா தாங்க மாட்டாரு" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

குளிக்காமல் இருப்பது அவருக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று மில்லுக்காரனைக் கட்டியவளுக்குத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வருவார். தலை, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சாக இருக்கும். நேராகக் குளிக்கப் போவார். குளித்துவிட்டுத்தான் என் முகத்தையே பார்ப்பார். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்குப் பகல் வேலைக்குப் போனார். அங்கே பஞ்சும் இல்லை, நைட் ஷிப்டும் இல்லை. சாயங்காலம் பட்டறைத் தொட்டியிலேயே ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். ஆனாலும் காலையில் வீட்டில் முதல் குளியல் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். நான் துண்டோடு வாசற்படியில் நின்றால்கூட "தள்ளு தள்ளு" என்று இடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

"இன்னா, ராஜா குளிச்ச பொறவுதான் மத்தவங்க குளிக்கணுமா?" என்று வெளியே நின்று கேட்பேன். போன வேகத்தில் ஈரத் தலையோடு வெளியே வருவார். "போ போ, சூடா வருது" என்பார். ஏதோ இவரே விறகு வைத்துக் காய்ச்சிய மாதிரி அதில் ஒரு பெருமை வேறு. மில்லுக்காரர்கள் வீட்டில் இதெல்லாம் சகஜம். என் அண்ணன் வீட்டிலும் அதே கதைதான். நானும் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவரை ஈரத்துணியால் துடைத்து எத்தனை நாள் வைத்திருப்பது? துடைக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அடுப்பில் வெந்நீர் போட்டு மொண்டு ஊற்றுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நா இன்னும் சாவல. ஷவருக்குக் கீழ ஸ்டூலப் போடு, நானே குளிச்சிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு நான் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஷவர் மக்கர் செய்தது. அதுவும் ஒழுங்காக மக்கர் செய்யவில்லை. ஒரு சமயம் திறந்ததும் சூடாக வரும். இன்னொரு சமயம் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் போகும். இதை நம்பி, மூச்சு வாங்கும் மனுஷனை எப்படி அதன் கீழே உட்கார வைப்பது?

வெந்நீர் வருவது மாடியிலிருக்கும் சோலாரிலிருந்து. எனக்கு இழுப்பு உண்டு. பச்சைத் தண்ணீர் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். அதற்காகத்தான் மகள் அதைப் போட்டுக் கொடுத்தாள். முதல் வேலையாக மாடிக்கு ஏறி டேங்க்கிலிருந்து வரும் பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டுவிட்டது. சட்டியில் இருக்கிறது, அகப்பையில் மட்டும் வரவில்லை. பிறகு ஷவரைக் கழற்றினேன். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், ஓட்டையெல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தது. மகள் போனில் சொன்னபடி வினிகரில் ஊறவைத்து ஊக்கால் குத்தி எடுத்தேன். தண்ணீர் நன்றாக வந்தது. பச்சைத் தண்ணீர்தான், முன்னைவிட நன்றாக வந்தது.

பிளம்பர் வந்தார். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் இடத்தைப் பிரித்து, உள்ளே ஒரு சாமானை மாற்றினார். மாடிக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: "எங்கியும் கோளாறு இல்லக்கா. பின்னாடி பக்கத்து வூட்டுத் தென்னமரம் நெழலு. அதால சோலார தெருப்பக்கம் வெச்சிருக்காங்க. பாத்ரூம் பின்னாடி இருக்கு. சாமி ஊர்வலம் மாதிரி மாடியச் சுத்திகினு வருது பைப்பு. ராத்திரி பூரா அதுல நின்ன தண்ணி ஆறிப் போயிருக்கும். அது போனாத்தான் சூடு வரும்."

"பைப்பு நேத்திக்கா போட்டது? இத்தினி வருசமா தொறந்ததும் சூடா வந்துச்சே, அது எப்படி?" என்று கேட்டேன். கேட்ட தொனி அப்படி. அவர் பையை மூடிக்கொண்டு, "அது எனக்குத் தெரியலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் முதுகைப் பார்த்து முணுமுணுத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் காத்திருந்து, திட்டி, குளித்து முடித்தேன். அவரைத் துடைக்கத் துணி நனைக்க வேண்டும் என்று கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்த் திறந்தேன். சுடச்சுட வந்தது. பிளம்பர் வைத்தியம் பலித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். "சரியாப் போச்சுங்க, நாளைக்குக் குளிச்சிடலாம்" என்று அவரிடம் கத்தினேன். விடிந்து திறந்தால், பழைய குருடி கதவைத் திறடி. பச்சைத் தண்ணீர்.

ஷவரை வைய வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாவதாகத் திறக்கிறவர்களுக்குச் சூடாக வருகிறது. முதலில் திறக்கிறவர்களுக்குத்தான் பச்சைத் தண்ணீர். இத்தனை வருஷம் இந்த வீட்டில் இரண்டாவதாகக் குளித்தவள் யார்? நான். முதலில் குளித்தவர் யார்?

வாளி நிரம்பி வழிந்தது. மூடத் தோன்றவில்லை.

அறைக்குப் போனேன். அவர் தலையணையில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதத் தண்ணி பச்சையாத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எது?" என்றார். அந்த 'எது'விலேயே தெரிந்துவிட்டது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ முந்திக்கினு போயி நிப்ப. உனக்கு இழுப்பு வந்துடும்."

"வாளியில புடிச்சி ஊத்திட்டுக் குளிச்சிருக்கலாம்ல?"

"நல்ல தண்ணிய எதுக்கு ஊத்தணும்? மேல ஊத்திக்கினா ஆச்சு. எனக்குப் பச்சத் தண்ணி பழக்கம்தான். சூடு கையில பட்டதும் மூடிட்டு வந்துடுவேன்" என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

மார்கழியிலும் இப்படித்தானே நின்றிருப்பார்? அதுதான் நெஞ்சில் இறங்கியதோ என்று பயந்து டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இது கிருமியால் வருவது, பச்சைத் தண்ணீரில் குளித்ததால் அல்ல என்றார். பாதி நம்பினேன். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, அழுகையாக வந்தது, இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் அன்று பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு கரண்டியின் காம்பே வளைந்துவிட்டது.

இப்போது ஷவர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த நாள் வெயில் வந்ததும் வாளிகளை வரிசையாக வைத்து, பைப்பில் நின்ற தண்ணீரை எல்லாம் பிடித்தேன். துணி துவைக்க ஆகும். கை சுடும் வரை விட்டு, அளவாகக் கலந்து வைத்துவிட்டு மூடினேன். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"தொறக்கட்டுமா?"

"தொற. நீ வெளிய போ."

போகவில்லை. திறந்தேன். தலையில் தண்ணீர் பட்டதும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "பச்சையா இருக்கா? ஏங்க, பச்சையாவா வருது?" என்று கையை உள்ளே நீட்டினேன். நல்ல சூடாகத்தான் இருந்தது.

அவர் இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ சூடாவா வரும் இது?"

"எனக்கு தெனமும் இப்படித்தாங்க வந்துச்சு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குக் கீழே நன்றாகத் தள்ளி உட்கார்ந்தார். போதும் என்று அவர் சொல்லவில்லை. நானும் மூடவில்லை.