மாவுக்கு என் பெயர்

எங்கள் அத்தை காதில் போட்டு வைத்தால் போதும், வேலை கிடைத்துவிடும் என்று ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அப்பாவுக்கு அக்காவான அவள் வெண்ணெய் விற்கிறவள். தலையில் சட்டியோடு சேலம் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்குவாள். எந்தத் தறிக்காரருக்கு ஆள் போதவில்லை, எந்த மண்டியில் எழுதப் படிக்கத் தெரிந்த பையனைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தந்த வீட்டுச் சமையலறை வழியாக அவளுக்கு வந்து சேர்ந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும், சும்மா திரிகிற பிள்ளைகளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்துவாள். அதற்குக் கூலி வாங்கியதில்லை. பெருமையை மட்டும் குறைவில்லாமல் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. யுத்தக் காலம் வேறு. ஆனைமலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி எங்கள் ஊருக்கு வந்து, வேறு நாலு பெண்களோடு பதினாறு வயதான என் அக்காவையும் கேட்டார். அப்பா வேறு வழி தெரியாமல் தலையாட்டினார். கங்காணி ஒரு கறுப்புக் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கையில் வாங்கிவிட்டால் வருவதாக வாக்குக் கொடுத்த மாதிரி. அமாவாசை கழிந்ததும் அக்கா புறப்பட வேண்டும். அம்மா அந்தக் கம்பளியைத் தொடக்கூட இல்லை. எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்பளி அதுதான். அக்காவும் நானும் அதற்குள் சுருண்டு படுத்தோம். அவ்வளவு சுகமான மார்கழியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சேதி கேட்ட அத்தைக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் வேலை தேடிக் குடுக்கறவ நானு. எங்கூட்டுப் புள்ளை மலையேறிப் போறதா? கெடக்கறான் கங்காணி!" என்று அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது சேலம் சாலையில் ஒருவர் புதிதாக ஜவ்வரிசிக் கொட்டகை போட்டிருந்தார். சீமையிலிருந்து ஜவ்வரிசி வருவது யுத்தத்தால் நின்றுபோக, மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கில் நாமே செய்துவிடலாம் என்று துணிந்து இறங்கிய மனிதர். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து மாவாக்குவது வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வந்தது. அந்த ஈர மாவைத் துணித் தூளியில் கொட்டி ஆட்டினால் அது உருண்டு மணிமணியாகத் திரள வேண்டும். அங்கேதான் சிக்கல். அவர் வைத்திருந்த வாலிபர்கள் வேகமாக ஆட்டினால் கொழுக்கட்டை வந்தது. மெதுவாக ஆட்டினால் மாவு மாவாகவே கிடந்தது. வெண்ணெய் கொடுக்கப் போன அத்தை இதைப் பார்த்தாள்.

"ஏழு வருசம் தூளி ஆட்டுன கை ஒண்ணு இருக்குதுங்க. வெள்ளிக்கெழமை கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அது யாருடைய கை என்று மூச்சு விடவில்லை.

என்னையும் எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு தம்பிகளையும் தூங்க வைத்த கைதான் அது. வெள்ளிக்கிழமை அத்தை அக்காவை அழைத்துக்கொண்டு போனபோது நானும் அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். எங்களைக் கண்டதும் முதலாளி முகம் சுளித்தார்.

"ஏனம்மா, ஆளைக் கூட்டியாரச் சொன்னா பொட்டப்புள்ளையைக் கூட்டியாந்து நிக்கறே?"

"ஆட்டிப் பாக்கட்டுங்க. மணி தெரண்டு வல்லீன்னா நாங்க பேசாம போயர்றமுங்க."

அக்கா தூளிக்கு அருகில் போய் நின்றாள். துணியைப் பிடித்தாள். கை அசையவே இல்லை. வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். இங்கே தோற்றால் ஆனைமலைதான் என்று தெரிந்தும் அக்கா மரம்போல நின்றாள். கடைசியில் அத்தையின் காதில் முணுமுணுத்தாள்.

"வெறுந்தூளி ஆட்டக்கூடாதுங்களே அத்தை. ஊட்டுல இருக்கற கொளந்தைகளுக்கு ஆகாதுங்களே."

எங்கள் பக்கம் குழந்தை இல்லாத தூளியை விளையாட்டுக்கு ஆட்டினாலே முதுகில் அடி விழும். அக்காவுக்கு வேலையைவிடத் தம்பிகள் பெரிதாகப் பட்டுவிட்டார்கள். ஆனால் அத்தையிடம் எதற்கும் பதில் தயாராக இருக்கும்.

"வெறுந்தூளி எங்கே இருக்குது? உள்ள மாவு கெடக்குதில்ல? அதுக்கு ஒரு பேரை வெச்சு ஆட்டு அம்மிணி!"

அக்கா குனிந்தாள். பிறந்த பிள்ளைக்குச் சொல்வதுபோலத் துணியோரம் வாயை வைத்து மூன்று தரம் பெயர் சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. என் பெயர்! ஏழு வயதுக்காரியான என்னை மாவாக்கிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு ஆட்டினாள். நாலு வீச்சு, ஒரு சின்ன நிறுத்தம், மணிக்கட்டில் ஒரு திருப்பு. அரைத் தூக்கத்தில் சிணுங்கும் பிள்ளைக்கு ஆட்டுகிற அதே ஆட்டம். கூடவே மெல்ல ராகம் இழுத்தாள். தூளிக்குள் பொத்துப்பொத்தென்று விழுந்துகொண்டிருந்த சத்தம் மாறிச் சலசலவென்று கேட்கத் தொடங்கியது. முதலாளி உள்ளே கைவிட்டு அள்ளினார். கம்பு மணி அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல், வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி! வாலிபர்கள் சிரிப்பை மறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"நாளைக்கே வந்துரு அம்மிணி. இந்தப் பசங்களுக்கும் நீதான் பழக்கிக் குடுக்கோணும்" என்றார் அவர்.

அத்தை அந்தச் சூட்டோடு, "இதே மாதிரி கை எங்கூர்ல இன்னும் நாலு இருக்குதுங்க" என்றாள். கங்காணியிடம் கம்பளி வாங்கியிருந்த மற்ற நாலு பெண்களும் அந்த வாரமே கொட்டகையில் சேர்ந்தார்கள். அன்று திரும்பும் வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து அத்தை கதை சொன்னாள். நாலு மைல் தூரம் நடக்க எங்களுக்கு அரை நாள் ஆனது.

அமாவாசை கழிந்து கங்காணி வந்தார். அம்மா அந்தக் கம்பளியை அன்றுதான் முதல் தடவையாகத் தொட்டாள். உதறி மடித்து அவர் கையில் வைத்தாள். ஐந்து கம்பளிகளையும் தோளில் சுமந்துகொண்டு அவர் போவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நான் மட்டும் அழுதுகொண்டே அவர் பின்னால் ஓடினேன். அம்மா என்னை இழுத்து வந்தாள். இழுக்கும்போது அவளும் அழுதாள், சிரித்துக்கொண்டே.

சாயங்காலம் கொட்டகையிலிருந்து வந்த அக்கா, இன்னும் விக்கிக்கொண்டிருந்த என்னை மடியில் போட்டு முந்தானையால் போர்த்தினாள். அதில் புளித்த மாவு வாசனை வீசியது. அந்தக் கம்பளியும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்திருக்க முடியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் கம்பளியை ஏன் கொடுத்தாய் என்று கேட்டு, தூளி ஆட்டிய அந்தக் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.