டார்லின் தைத்த இடுப்புப்பை

டார்லின் பெல்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெர்மான்ட்டில் எங்கள் மலைப்பக்கத்துச் சாலைகள் மார்ச் மாதம் வந்தால் பனி உருகிக் களியாகிவிடும். அந்தச் சேற்றில் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் இறக்காதவள். அதற்கே அவளுக்குச் சிலை வைக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அவள் தையலைப் பற்றி.

எங்களில் சிலருக்குக் கோடையில் ஒரு பைத்தியம் பிடிக்கும். அமெரிக்கா விடுதலைக்காக இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்ட காலத்து ஜனங்களைப் போல உடுத்திக்கொண்டு, வயலில் கூடாரம் அடித்து, சனி ஞாயிறு முழுக்க அந்தக் காலத்திலேயே குடியிருப்போம். ஆண்கள் துப்பாக்கி சுட்டு ஊரை எழுப்புவார்கள். நாங்கள் புகையில் கண் எரியச் சமைப்போம். டார்லினின் கணவன் ரோலி துப்பாக்கிக்காக வந்து சேர்ந்தவன். டார்லின் அவனைக் கொண்டுவந்து விடுவதற்காக மட்டும் வந்தாள். முதல் வருஷம் முழுவதும் காரிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கான்ஸ்டன்ஸ் வீலாக் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "உள்ள ஒக்காந்து என்ன பண்றே? எறங்கு. ஒனக்கு ஒரு பாவாடை தரேன். அந்த வாட்சை மட்டும் கழட்டிடு."

கான்ஸ்டன்ஸ் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் கூட்டத்தின் கண்கொத்திப் பாம்பு. யாராவது புது உடுப்போடு வந்தால், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே குனிந்து பாவாடை விளிம்பைத் திருப்பிப் பார்ப்பாள். மிஷின் தையல் கண்ணில் பட்டதோ, போச்சு. ஒரு தடவை என் கவுனின் கைப்பகுதியை எல்லார் முன்னாலும் பிரித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். மூன்று வருஷம் நான் அவளோடு பேசவில்லை. அது அவளுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

டார்லினுக்கு மட்டும் அவளிடம் பயம் கிடையாது. பேருந்தில் பின்வரிசைப் பையன்களைச் சமாளிப்பவளுக்குக் கான்ஸ்டன்ஸ் எம்மாத்திரம்! பிரி என்றால் பிரிப்பாள், மறுபடி தைப்பாள், நடுநடுவே ஒரு வசவும் விடுவாள். இப்படியே இருவரும் உயிருக்குயிராகிவிட்டார்கள். பிறகு கான்ஸ்டன்ஸுக்குப் புற்றுநோய் வந்தது.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "என்னை என்னோட கவுன்லதான் புதைக்கணும். கச்சு, பாவாடை, தொப்பி எல்லாம் இருக்கு. நல்ல இடுப்புப்பை ஒண்ணுதான் இல்ல. இருக்கறது வெறும் துணிப்பை. டார்லின், நீ ஒண்ணு தெச்சுக் குடு. கம்பளி நூல்ல, பூப்போட்டு."

"எதுக்குள்ள வேணும்?" என்றாள் டார்லின்.

"நான் சாகறதுக்குள்ள. அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்தக் காலத்துப் பெண்களின் உடுப்பில் பை கிடையாது. தனியாக ஒரு பையைத் தைத்து, நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். பாவாடைப் பக்கத்தில் விட்ட பிளவு வழியாகக் கையை நுழைத்துச் சாமானை எடுப்பார்கள். இப்படி யார் கண்ணிலும் படாத பையின் மேல்தான் அவர்கள் கொடியும் பூவும் பறவையுமாகத் தைத்துத் தள்ளினார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை. நானாக இருந்தால் தொப்பியில் தைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியிருப்பேன்.

டார்லின் நூலிலிருந்தே தொடங்கினாள். வெள்ளைக் கம்பளி நூலை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் அண்டா வைத்துத் தானே சாயம் போட்டாள். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், மஞ்சளுக்குச் சாலையோரம் செப்டம்பரில் பூத்துக் கிடக்கும் பூ. அவுரி அண்டாவின் நாற்றம் தாங்காமல் ரோலி இரண்டு வாரம் கொட்டகையில் சாப்பிட்டான். தையலும் பழைய தையல்தான். நூலை இலையின் குறுக்கே நீளமாகப் போட்டு, ஊசியால் சின்னதாக ஒரு கட்டுப் போட வேண்டும். கம்பளி எல்லாம் முன்பக்கமே நிற்கும். துணியைத் திருப்பினால் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும். கம்பளி கிடைக்காத காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்த சிக்கனம் அது. நாங்கள் அப்போதிருந்தே கஞ்சப் பிசினாரிகள்.

பெரும்பாலும் பேருந்தில் உட்கார்ந்துதான் தைத்தாள். காலைச் சவாரி முடிந்ததும் பள்ளிக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, டீசல் வீணாகாமல் என்ஜினை அணைத்துவிடுவாள். விரல் நுனி வெட்டிய கையுறையும், மடியில் வளையச் சட்டமுமாக உட்கார்ந்திருப்பாள். வெளியே பனி கொட்டும். ஒரு நாள் நான் காப்பி கொண்டுபோனபோது அவள் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஆனால் வளையத்தில் ஒரு மாதுளம்பழம் பிளந்து, விதை விதையாகச் சிவந்திருந்தது. அதைப் பார்த்துப் பொறாமைப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வாரா வாரம் அதைக் கான்ஸ்டன்ஸிடம் காட்ட வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் கான்ஸ்டன்ஸுக்குப் பார்வை மங்கிவிட்டது. தப்பித்தோம் என்று நான் நினைத்தேன். அவள் படுத்தபடியே பையை வயிற்றில் வைத்து விரலால் தடவித் தடவிப் படித்தாள். கம்பளித் தையல் துணிக்கு மேலே எழும்பி நிற்குமே, அது அவளுக்குப் போதும்.

"இந்த எலை லூசா இருக்கு."

"எந்த எலை?"

"குருவி வாலுக்குக் கீழ."

"அது குருவி இல்லடி, மயிலு."

"மயிலா? அப்ப இன்னும் மோசம். பிரி."

டார்லின் சிரித்துக்கொண்டே பிரித்தாள். திரும்பி வரும்போது வண்டியில் அழுதாள். மறுவாரம் அந்த இலை முறுக்கேறிய கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் பை முடிந்தது. கான்ஸ்டன்ஸ் முழுவதும் தடவிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்வாள் என்று காத்திருந்தோம். "ஃப்ரீஸர்ல வெச்சியா?" என்று கேட்டாள்.

அது எங்கள் கூட்டத்துச் சட்டம். கம்பளியில் செய்த எதுவும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் கிடந்துதான் வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் அந்துப்பூச்சியின் முட்டை அதிலிருந்து பொரித்து, பெட்டியிலுள்ள எல்லா உடுப்பையும் சல்லடையாக்கிவிடும். மண்ணுக்குள் போகிறவளுக்குப் பூச்சியைப் பற்றிக் கவலை! ஆனால் அவளிடம் யார் வாயைக் கொடுப்பது? டார்லின் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றினாள். ஈரம் படாமலிருக்க அதன் மேல் ரோலி மான்கறி பொதியும் மெழுகு பூசிய வெள்ளைத் தாளையும் சுற்றி ஃப்ரீஸரின் மேல்தட்டில் வைத்தாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் கான்ஸ்டன்ஸ் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அடக்கம். முந்தின நாள் பையை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நான் டார்லின் வீட்டுக்குப் போனேன். அவள் ஃப்ரீஸரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மேல்தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

"ரோலி! இங்க இருந்த பொட்டலம் எங்க?"

"மானா? ட்வைட் வந்து தூக்கிட்டுப் போய்ட்டான். போன வருஷத்துக் கறிதானே" என்றபடி வந்த ரோலி, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "ஏன், அதுல என்ன இருந்துச்சு?"

நவம்பரில் மான் வேட்டை தொடங்கினால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஃப்ரீஸர் காலியாகும். புது மான் வர வேண்டுமென்றால் பழைய மான் போக வேண்டும். எல்லாம் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் வேட்டைக்கறி விருந்துக்குப் போய்ச் சேரும். ட்வைட் அங்கே தலைவன், விருந்தில் சமையல்காரன். போன் செய்தோம். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கறியில் கை வைத்திருப்பவன் போனை எப்படி எடுப்பான்? மூவரும் ரோலியின் வண்டியில் நெருக்கிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் ரோலி, "நான் பாக்கலைடி, சத்தியமா பாக்கலை" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான்.

நிலையத்தில் நீள மேசையில் பொட்டலங்கள் வரிசையாகக் கிடந்தன. ட்வைட் சோளக்கதிர் உரிக்கிற வேகத்தில் ஒவ்வொன்றையும் கத்தியால் கிழித்துத் தொட்டியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கத்தியைக் கீழ போடு!" என்றாள் டார்லின். அது பேருந்துக் குரல். ட்வைட் மட்டுமல்ல, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்களும் கத்தியைப் போட்டார்கள். ஒருவன் கையையே தூக்கிவிட்டான்.

பை தொட்டியில் கிடந்தது. கறி உருகிய ரத்தத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதை எடுத்தாள். கத்தி பிளாஸ்டிக்கோடு மேல் மூலைப் பூவையும் குறுக்கே கிழித்திருந்தது. துணி தப்பிவிட்டது. பூவின் கம்பளி இழைகள் அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"ஐயோ, டார்லின்..." ட்வைட் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "இது கான்ஸ்டன்ஸுக்குன்னு சொன்னியே, அதா? நான் என்ன பண்ணணும், சொல்லு."

"பச்சைத் தண்ணி. சுடுதண்ணி கூடவே கூடாது. கொஞ்சம் உப்பு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

அந்தப் பையில் அதுவரை தண்ணீர் பட்டதே இல்லை. சாயம் நிற்குமா, இரண்டு வருஷ வேலை ஒரே சேறாகுமா என்று அவளுக்கே தெரியாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் பையை மெதுவாக அமிழ்த்தினாள். தண்ணீர் சிவந்தது. மாற்றினாள். மறுபடியும் சிவந்தது. அது கறியின் ரத்தமா மஞ்சிட்டியா என்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த தண்ணீர் வெளுத்தது. அதற்கடுத்தது தெளிந்தது. மாதுளம்பழம் சிவப்பாகவே இருந்தது, மயில் நீலமாகவே இருந்தது. நான் விக்கி விக்கி அழுதேன், வெட்கமே படவில்லை. டார்லின் கைக்கு நிகராக இன்னொரு கையை இந்தப் பள்ளத்தாக்கில் நான் கண்டதில்லை.

"இப்பவே தெச்சிடலாமே?" என்றான் ரோலி.

"ஈரத் துணில தெச்சா காயறப்போ சுருங்கிக்கும். காயணும்."

"அந்த மூலையை உள்பக்கமா மடிச்சுக் கட்டிடலாம்" என்றேன் நான், உதவியாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. டார்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில், அடக்கத்துக்கு முன் உடலை வைக்கும் இடத்தில் கான்ஸ்டன்ஸைக் கவுனும் தொப்பியுமாகக் கிடத்தியிருந்தார்கள். வழக்கம்போல யாரையோ குறை சொல்லப் போகிற முகம். டார்லின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த சிவப்பு நூலை ஊசியில் கோத்து, பூவை அடியிலிருந்து தொடங்கினாள்.

கான்ஸ்டன்ஸின் மகள் மெரடித் எட்டிப் பார்த்தாள். "டார்லின், எல்லாரும் வந்துட்டாங்க. பாதிரியார் மணி பாக்கறாரு."

"இருக்கச் சொல்லு."

"பாவாடைக்கு அடியிலதானே இருக்கப் போவுது? யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்கறதுக்குன்னா நேத்தே விட்டிருப்பேன் கண்ணு" என்றாள் டார்லின், தலை நிமிராமல்.

மெரடித் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் மூன்று முனைத் தொப்பியும் நீலக் கோட்டுமாக அந்தக் குளிரில் நின்றிருந்தார்கள். ட்வைட் தன் ஆட்களை எல்லாம் சீருடையில் கூட்டிவந்திருந்தான். பாதிரியார் ஏதோ கேட்க, ட்வைட் தலையை ஆட்டி அவரைத் தடுத்தான். ஒருவரும் உள்ளே வரவில்லை.

கடைசி இழையைக் கட்டிக் கத்தரித்ததும், "நீ பாவாடையைத் தூக்கிப் பிடி" என்றாள் என்னிடம். பிடித்தேன். பையை வாகாக வைத்து, பூப்பக்கம் மேலே தெரிய நீவிவிட்டு, நாடாவை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நாங்கள் எப்போதும் அந்த நாடாவைச் சுருக்கு முடிச்சாகத்தான் போடுவோம். சாயங்காலம் ஒரு இழுப்பில் அவிழ வேண்டுமே. அன்று டார்லின் இரண்டு தடவை இறுக்கி, கடுமுடிச்சாகப் போட்டாள்.