தாலியோடு விழுந்த துரியோதனன்

சாவை நடிப்பவர் யாருடைய சாவை நடிக்கிறார்? நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊர் வளர்மதியின் வாழ்க்கை இதைத்தான் கேட்டது போலிருக்கிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பின் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குவது அவருடைய கான்ட்ராக்ட் வேலை. கணவர் தனகோட்டி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. முப்பது வயதுக்கு மேல்தான் வளர்மதி செங்குட்டுவன் வாத்தியாரின் கூத்துக் குழுவில் சேர்ந்தார். அதுவரை அங்கே பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். அவருக்குத் திரௌபதி தந்தார்கள். அவர் கேட்டது துரியோதனன்.

இரவுக் கூத்துக்கு யாரும் பெரிதாக மறுக்கவில்லை. படுகளம் வேறு. திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள் மாலை, வயலில் மண்ணால் கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின்மேல் ஏறி நின்று, பீமனிடம் தொடையில் அடி வாங்கி விழ வேண்டும். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுவார்கள். அந்த அழுகையில் பாதி நிஜம்.

“தாலியக் கட்டிக்கினு படுகளத்துல விழக் கூடாதும்மா,” என்றார் வாத்தியார். “அது வூட்டுக்காரர இட்டுக்கினு பூடும். கழட்டி வெச்சிட்டு விழு.”

“உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்குங்க கழட்டணும்?” என்று வளர்மதி தாலியை வேஷத்தின் மார்புப் பலகைக்குள் தள்ளிக்கொண்டார்.

முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பீமன், “பயப்படாத ராஜா, நான் தொடையிலதான் அடிப்பேன்,” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தனகோட்டிக்கு அன்று பகல் ஷிப்ட். முடிந்ததும் நேரே வயலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். உருவத்தின்மேல் நின்ற வளர்மதிக்குச் சாலை தெரிந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் சட்டையில் நிலக்கரித் தூசியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். தனகோட்டி இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடி விழும் முன்பே அழுகை தொடங்கிவிட்டது.

அவரைப் பெரிய நடிகை என்று சொல்லத் தயங்குகிறேன். குரல் உயரும்போது உடைந்துவிடும். அன்று ஒரு வரியும் விடாமல் பேசினார். அடி வாங்கி விழுந்தார். கண்ணை மூட வேண்டிய இடத்தில் மூடாமல், சாலையைப் பார்த்தபடியே கிடந்தார்.

தனகோட்டி விளக்கு வைத்த பிறகு வந்தார். ஒரு கீறலும் இல்லை. ஊர் வந்தும் இறங்காமல் குறிஞ்சிப்பாடி வரை போய், பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

“நீ தாலியோட விழறதப் பாக்க பயமா இருந்துச்சி, வளரு.”

யாருக்காகப் பயந்தார் என்று சொல்லவில்லை. வளர்மதி கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை வளர்மதி தாலியைக் கழற்றித் திரௌபதி அம்மன் உண்டியலில் போட்டார். இன்றும் அதே வீட்டில் தனகோட்டியோடுதான் இருக்கிறார். ஆண்டுதோறும் படுகளத்தில் விழுகிறார். அடுத்த ஆண்டு வேஷம் கட்டும்போது வெறுங்கழுத்துக்குக் காரணம் கேட்ட வாத்தியாரிடம், கிரீடத்தின் கயிறு தளர்ந்திருக்கிறது, கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.